தலையில் எழுதியவன் யார்?

"எல்லாம் தலையெழுத்து!"

இந்த ஒரு சொல்லைப்போல் தமிழனின் முதுகெலும்பை முறித்த சொல் வேறொன்று உண்டா? வேலை கிடைக்கவில்லையா? தலையெழுத்து! மகளுக்கு மணம் தள்ளிப் போகிறதா? தலையெழுத்து! பிள்ளை படிப்பில் பின்தங்கிவிட்டானா? தலையெழுத்து! பெற்ற குழந்தை வலிப்பு வந்து கைகால் வெட்டித் துடிக்கிறதா? அதுவும் தலையெழுத்து! எழுதியவன் பிரமன், எழுதிய இடம் மண்டையோடு, அதனை அழிக்க வல்லார் அவனியில் இல்லை. இதுதான் தலைமுறை தலைமுறையாக நமக்கு ஓதப்பட்ட பாடம்.

"சான்று என்னய்யா?" என்று கேட்டால், அதற்கும் ஆயத்தமாக விடை வைத்திருந்தனர். சுடுகாட்டில் கிடக்கும் மண்டையோட்டைச் சுட்டிக் காட்டுவர். "பார்! வளைந்து நெளிந்து கோடுகள் ஓடுகின்றனவே, அவைதாம் பிரமன் கையெழுத்து. நமக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்" என்பர்.

சரி, படித்துத்தான் பார்ப்போமே! படிக்கத் தெரிந்தவர்கள் மருத்துவக் கல்லூரியில் இருக்கிறார்கள். முதலாண்டு மாணவனைக் கேட்டாலே போதும், கடகடவென்று படித்துக் காட்டுவான்.

கோடுகள் கூறும் கதை

நமது மண்டையோடு ஒரே எலும்பு அன்று. 22 எலும்புகளின் கூட்டு. அவற்றுள் 8 எலும்புகள் மூளையைச் சுற்றிப் பேழைபோல் அமைந்துள்ளன. மற்ற 14 எலும்புகள் முகத்துக்குரியவை. பேழையின் எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் விளிம்புகள் ரம்பப் பற்கள்போல் இருக்கின்றன. தச்சர் இரு பலகைகளைப் பல்லுக்குப் பல் கோத்து இணைக்கிறாரே, அதே வேலைப்பாடு! அந்த இணைப்புகளே அந்தக் கோடுகள். பிரமனின் கிறுக்கல் அல்ல, எலும்பின் மூட்டுவாய்!

ஏன் இப்படித் துண்டு துண்டாக இருக்க வேண்டும்? இரண்டு காரணங்கள் உண்டு. தாயின் வயிற்றிலிருந்து வெளிவரும் வழி குறுகியது. குழந்தையின் தலையோ பெரியது. எலும்புகள் இணையாமல் இருப்பதால், ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறி, தலை சுருங்கி, குழந்தை பிறக்க முடிகிறது. மற்றொன்று, மூளையின் வளர்ச்சி. பிறக்கும்போது வளர்ந்தவரின் மூளையில் கால்பங்குதான் இருக்கிறது குழந்தையின் மூளை. ஆறு வயதுக்குள் அது பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. இவ்வளவு விரைவாகப் பெருக்கும் மூளைக்கு மண்டை இடம் கொடுக்க வேண்டாமா? அதற்காகத்தான் அந்த இடைவெளிகள். பாட்டிமார் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி, குழந்தையின் தலையில் 'துடிக் துடிக்' என்று துடிப்பதைப் பார்த்திருக்கிறோமே, அது அந்த இடைவெளிகளில் பெரியது. பெரும்பாலும் ஒன்றரை வயது வாக்கில் அது மூடிக்கொள்கிறது.

சில குழந்தைகளுக்கு இந்த இணைப்புகள் காலத்துக்கு முன்பே இறுகிவிடுவதுண்டு. அப்போது தலை கோணலாகும். மூளை நெருக்குண்டு போகும். மருத்துவர் அறுவை செய்து, எலும்பைப் பிரித்து, வளர இடம் உண்டாக்குகிறார். அதாவது, பிரமன் எழுத்தை மருத்துவர் திருத்தி எழுதுகிறார்! அழிக்க முடியாத எழுத்தா அது?

இன்னொன்றும் கேட்கிறோம். ஆட்டுத் தலை வாங்கிச் சமைக்கும் வீட்டார் நன்கறிவர். ஆட்டின் மண்டையிலும் அதே கோடுகள் உண்டு. ஆட்டுக்கும் எழுதினானா பிரமன்? எந்தக் கடையில், எந்தக் கிழமையில், கிலோ என்ன விலைக்கு என்று எழுதியிருக்கிறானா?

பேழைக்குள்ளே என்ன?

பேழையின்மேல் எழுத்தைத் தேடியவர்கள் பேழைக்குள் இருப்பதைப் பார்க்க மறந்தார்கள். உள்ளே இருப்பது ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ள மூளை. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆனால் உடல் பயன்படுத்தும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே உண்டுவிடுகிறது. அதில் உள்ள நரம்பணுக்களை எண்ணிக் கணக்கிட்டவர் பிரேசில் நாட்டுப் பெண் அறிவியலாளர் சுசானா எர்குலானோ-ஹௌசெல். 2009இல் அவரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட கணக்கு, ஏறத்தாழ 8,600 கோடி! ஒவ்வொரு அணுவும் ஆயிரக்கணக்கான அணுக்களோடு உறவு கொண்டிருக்கிறது. கோடிகளைப் பற்றிப் பேசுவோர் வேறு எங்கும் போக வேண்டியதில்லை. தத்தம் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டால் போதும். ஏழைக்கும் அதே செல்வம், எசமானுக்கும் அதே செல்வம்!

இந்த மூளையை மூன்று பெரும் பகுதிகளாகக் கொள்ளலாம். மேலே, வாதுமைப் பருப்பின் மடிப்புகளைப்போல் சுருண்டு கிடப்பது பெருமூளை. நினைப்பு, பேச்சு, திட்டம், நினைவு, உணர்ச்சி எல்லாம் அதன் ஆட்சி. பின்புறம் பிடரிக்கு மேலே இருப்பது சிறுமூளை. நடையில் தள்ளாட்டம் இல்லாமல், ஊசியில் நூல் கோக்கும்போது கை தடுமாறாமல் பார்த்துக்கொள்வது அது. மது உண்டவன் தெருவின் இரு பக்கத்தையும் அளந்துகொண்டு வருகிறானே, அவனது சிறுமூளை மயங்கிக் கிடக்கிறது என்று பொருள். இவற்றுக்குக் கீழே மூளைத்தண்டு. அதன் அடிப்பகுதியே முகுளம். மூச்சும் இதயத் துடிப்பும் அதன் பொறுப்பு. நாம் உறங்கினாலும் அது உறங்குவதில்லை. மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் கிளம்பி உடலெங்கும் செய்தி கொண்டு செல்கின்றன, கொண்டு வருகின்றன.

நெஞ்சா? மூளையா?

நினைப்பது நெஞ்சு என்றே நெடுங்காலம் உலகம் நம்பியது. எகிப்தியர் இறந்த மன்னனின் உடலைப் பதப்படுத்தியபோது இதயத்தைப் போற்றிப் பாதுகாத்தனர். மூளையையோ மூக்கு வழியே எடுத்து எறிந்தனர். பேரறிஞர் அரிஸ்டாட்டிலே, மூளை குருதியைக் குளிர்விக்கும் கருவி என்றுதான் கருதினார். ஆனால் கிரேக்கத்தில் இப்போகிரட்டீசின் மருத்துவ மரபினர், ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே, மக்கள் 'தெய்வ நோய்' என்று அஞ்சிய வலிப்பு நோய் எந்த நோயையும்விடத் தெய்வத்தன்மை மிக்கதன்று, அது மூளையில் தோன்றுவது என்று எழுதி வைத்தனர். 2,400 ஆண்டுகள்! அந்தச் செய்தி நம் ஊர் மந்திரவாதியின் காதை இன்னும் எட்டவில்லை!

சான்றுகள் 19ஆம் நூற்றாண்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1848 செப்டம்பரில், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் இருப்புப்பாதைப் பணி மேற்பார்வையாளர் பினியாஸ் கேஜ், பாறைக்கு வெடி வைக்கும்போது, மூன்றரை அடிக்கும் மேற்பட்ட இரும்புக் கம்பி ஒன்று அவர் கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. ஆள் பிழைத்தார்! நடந்தார், பேசினார். ஆனால் முன்மூளை சிதைந்ததால், பொறுப்பும் பொறுமையும் வாய்ந்திருந்தவர் சினமும் முரட்டுத்தனமும் கொண்டவராக மாறினார் என்று அவருக்கு மருத்துவம் பார்த்தவர் பதிவு செய்தார். குணம் என்பது 'கிரக பலன்' அன்று; மூளையின் திசுக்களில் உறைவது என்று உலகம் உணரத் தொடங்கியது.

1861இல் பாரிசில் பால் புரோக்கா என்ற மருத்துவர், பிறர் பேச்சைப் புரிந்துகொண்டும் 'டான்' என்ற ஓரசை தவிர வேறு பேச இயலாத நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்தார். இடப்பக்கத்து முன்மூளையில் ஓரிடம் சிதைந்திருந்தது. பேச்சு எழும் இடம் அதுவே என்றார். 'நாவில் கலைமகள் எழுதுகிறாள்' என்று நாம் நம்பியிருந்தோம். எழுதும் மையோ மூளையின் இடப்பக்கத்தில் இருந்தது!

காண்பது கண்ணா?

ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்த நூல் தொல்காப்பியம். மெய், வாய், மூக்கு, கண், செவி என்னும் ஐந்தோடு ஆறாவதாக மனத்தை வைத்தார்கள் நம் முன்னோர். ஐந்து பொறிகளும் வாயில்கள். ஆறாவது அறிவே வீட்டுக்காரன். இன்றைய அறிவியல் அதனை வியக்கத்தக்க வகையில் விளக்குகிறது.

கண்ணின் உட்புறத் திரையில் உருவம் தலைகீழாக விழுகிறது. அங்கே மங்கிய ஒளியை உணரும் அணுக்கள் ஏறத்தாழ 12 கோடி. நிறத்தை உணர்பவை ஏறத்தாழ 60 இலட்சம். அவை திரட்டிய செய்தி நரம்பு வழியே மூளையின் பின்கோடிக்கு, பிடரிப் பக்கத்துக்குச் செல்கிறது. கண் பழுதின்றி இருந்தும், பின்மண்டையில் கடுமையாக அடிபட்டவர் பார்வை இழப்பதுண்டு. கண் வாங்குகிறது, காண்பது மூளை!

ஐயமுண்டானால், ஒரு தாளில் இடப்பக்கம் ஒரு புள்ளியும், மூன்று அங்குலம் தள்ளி வலப்பக்கம் ஒரு கூட்டல் குறியும் இடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் புள்ளியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல அருகே கொண்டு வாருங்கள். ஏறத்தாழ ஓர் அடித் தொலைவில் கூட்டல் குறி மாயமாய் மறையும்! கண்ணிலிருந்து நரம்பு புறப்படும் இடத்தில் ஒளியை உணரும் அணுக்கள் இல்லை. அந்த ஓட்டையை நாம் நாள்தோறும் காணாதது ஏன்? சுற்றிலும் உள்ளதைக் கொண்டு மூளை தானே இட்டு நிரப்பிவிடுகிறது. இல்லாததைக் காட்ட மூளையால் முடியும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

காதுக்குள்ளே மூன்று சிறு எலும்புகள். அவற்றுள் அங்கவடி எலும்பே உடலின் எலும்புகளில் மிகச் சிறியது. அதற்கப்பால் நத்தைக் கூடு வடிவான உறுப்பில் நுண்மயிர் அணுக்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. ஒருமுறை அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. தேர்த் திருவிழாவிலும் திருமண வீட்டிலும், ஏன், நம்மவர் கூட்டங்களிலுங்கூட, ஒலிபெருக்கியை அலறவிடுவோர் இதனை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

நாவைப் பற்றி ஒரு செய்தி. அறுசுவையில் காரத்தையும் ஒன்றாக வைத்தோம். அறிவியலோ இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, சப்பானிய அறிஞர் இக்கெடா 1908இல் கண்டறிந்த உமாமி என ஐந்தையே சுவை என்கிறது. காரம் சுவையன்று, சூட்டையும் வலியையும் உணரும் நரம்பின் கூக்குரல்! மிளகாயின் காரப்பொருளையும் கொதிநீரையும் ஒரே வாயில்தான் உணர்கிறது என்று கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. முன்னோர் சொல்லில் எது தேறுகிறதோ அதைக் கொள்வோம், தேறாததைத் திருத்துவோம். அதுதானே ஆறாவது அறிவுக்கு அழகு!

பேய் எங்கே இருக்கிறது?

நள்ளிரவில் விழிப்பு வருகிறது. கை அசையவில்லை, கால் அசையவில்லை. மார்பின்மேல் ஏதோ ஏறி உட்கார்ந்திருக்கிறது. 'அமுக்குவான் பேய்' என்றனர் நம் ஊரார். உண்மை என்ன? கனவு காணும் உறக்கத்தில், கனவில் ஓடுவதைக் கட்டிலில் ஓடிவிடாதிருக்க, மூளைத்தண்டு தசைகளைக் கட்டிப் போடுகிறது. சிற்சில வேளை, கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. பேய் மார்பின்மேல் இல்லை. கட்டு மூளையில் இருக்கிறது. சிறிது நேரத்தில் தானே அவிழும். வேப்பிலையும் வேண்டாம், வெண்கல மணியும் வேண்டாம்.

செனீவாவைச் சேர்ந்த சார்லசு பொன்னே, முதுமையில் பார்வை மங்கிய தம் பாட்டனார் இல்லாத மனிதர்களையும் பறவைகளையும் கண்டதை 1760இல் எழுதி வைத்தார். பாட்டனாரோ தெளிந்த அறிவினர். கண்ணிலிருந்து செய்தி குறைந்ததும் மூளை தானே படம் வரைந்தது! நம் ஊரில் அந்த முதியவர் பிறந்திருந்தால் என்ன செய்திருப்போம்? தாயத்துக் கட்டியிருப்போம், சாட்டையால் அடித்திருப்போம்.

சிரிப்பதற்கன்று இதைச் சொல்வது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியது. ஓட முடியவில்லை அவர்களால். கால்களில் சங்கிலி! 28 உயிர்கள் கருகின. நோய் கொன்றதா அவர்களை? இல்லை. நோயைப் பேய் என்று நம்பிய அறியாமை கொன்றது. எவரையும் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் ஏட்டில் உள்ளது. சங்கிலி அறவே ஒழிந்தாக வேண்டும்!

மண்டையை அளந்தவர்கள்

மூடநம்பிக்கை சுடுகாட்டில் மட்டும் குடியிருக்கவில்லை. சில வேளை கண்ணாடி அணிந்து, அளவுகோல் ஏந்தி, அறிவியல் வேடம் பூண்டும் வந்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தைக் கொண்டே சாதியின் உயர்வு தாழ்வைச் சொல்லிவிடலாம் என்றார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்து, 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். பேச்சின் இடம் கண்ட அதே புரோக்காவும், மூளைகளை எடை போட்டுப் பெண்ணின் அறிவு குறைந்தது என்றார்.

தராசு அவர்களைக் கைவிட்டது. அய்ன்ஸ்டீன் 1955இல் மறைந்தபின் அவர் மூளையை எடை போட்டனர்: 1,230 கிராம்! சராசரி ஆணின் மூளையைவிடக் குறைவு! எடைதான் அறிவு என்றால் சார்பியலைக் கண்டவரைப் பின்வரிசையில் அல்லவா உட்கார வைக்க வேண்டும்? மூளையைப் பார்த்து, 'இது அக்கிரகாரத்து மூளை, இது சேரியின் மூளை' என்று சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது.

எழுதுவது நாமே!

அப்படியானால் தலையில் எழுதுவோர் யார்?

முதலில், சோறு எழுதுகிறது! அய்ந்து வயதையொட்டிய குழந்தையின் உடல் செலவிடும் ஆற்றலில் அய்ந்தில் இரண்டு பங்குக்குமேல் மூளைக்கே போகிறது. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை கரும்பலகையைப் பார்த்து விழிக்கிறான் என்றால், அவன் மூளை மந்தமா? அதன் உலையில் விறகில்லை அய்யா! 1920இல் தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தந்ததும், 1950களில் காமராசர் அதனை மாநிலமெங்கும் விரித்ததும், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக வளர்த்ததும், 2022இல் காலை உணவும் சேர்ந்ததும் வெறும் வயிற்றுக்கு இட்ட பிச்சையல்ல. மூளைக்கு இட்ட உரம்! 'இலவசம்' என்று எள்ளி நகையாடுவோர், உச்சிக்குழியின் கதையை ஒருமுறை படிக்கட்டும்.

அடுத்து, கல்வி எழுதுகிறது. உத்தரப் பிரதேசத்தின் இலக்னோவை அடுத்த சிற்றூர்களில், முப்பது வயதை எட்டியும் எழுத்தறியாத மக்களுக்கு ஆறு மாதம் படிக்கக் கற்பித்து, முன்னும் பின்னும் அவர்தம் மூளையைப் படம் பிடித்தனர் ஆய்வாளர். பெரும்பாலோர் பெண்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. எழுத்தைக் கற்றதால் மூளையின் ஆழ்ந்த பகுதிகளின் இயக்கமே மாறியிருந்தது! தோழர்களே, இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். தலையெழுத்தை மாற்ற முடியாது என்றார்கள். எழுத்தே தலையை மாற்றுகிறது! ஒரு சாராருக்கு ஏன் எழுத்தை மறுத்தார்கள் என்பதும் இப்போது விளங்குகிறதல்லவா?

ஆகவே, செய்ய வேண்டியவை சில உண்டு.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் நுழைக்காதீர்கள். அய்ந்து நிமிடம் கடந்தும் நிற்காவிடில் மருத்துவமனைக்கு விரையுங்கள். முறையான மருந்தால் பத்துப் பேரில் ஏழு பேர்வரை வலிப்பின்றி வாழ முடியும். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகக் கூறிய சொல்லையே 1999இல் நீக்கிவிட்டார்கள். சட்டத்திலிருந்து போனது சம்பந்தம் பேசும் வாயிலிருந்தும் போக வேண்டும்.

வாய் ஒரு பக்கம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால், அது 'காற்றுக் கருப்பு' அன்று. மூளையின் குருதிக் குழாயில் அடைப்போ கசிவோ. அடைப்பானால், நான்கரை மணி நேரத்துக்குள் ஊசி மருந்தால் கட்டியைக் கரைக்க வழியுண்டு. பூசாரி வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு நிமிடமும் இலட்சக்கணக்கான நரம்பணுக்கள் மடிகின்றன.

இருசக்கர வண்டியில் ஏறும் இளைஞனே! மண்டையோடு உறுதியானதுதான், தார்ச்சாலை அதனினும் உறுதியானது. தலைக்கவசம் காவலர்க்காக அன்று; உன் 8,600 கோடிக்காக!

மூளை அறுவை மருத்துவத்தை 1949இல் வேலூரில் யாக்கோபு சாண்டியும், 1950இல் சென்னையில் பி. இராமமூர்த்தியும் தொடங்கி வைத்தனர். அந்த விதைகள் மரமாகிவிட்டன. மருத்துவரிடம் செல்ல வழி இருக்கும்போது, மந்திரவாதியிடம் மண்டியிடுவது எதற்காக?

மண்டையோட்டின் கோடுகளைப் படித்துவிட்டோம். அதில் எவன் எழுத்தும் இல்லை. 'இங்கே வளர இடம் விடப்பட்டிருக்கிறது' என்பதே அக்கோடுகளின் பொருள். அந்த இடத்தைச் சோற்றால் நிரப்புவோம், கல்வியால் நிரப்புவோம், கேள்வியால் நிரப்புவோம். இனி எவரேனும் 'தலையெழுத்து' என்று பெருமூச்சு விட்டால், "எழுதுகோல் நம் கையில் இருக்கிறதய்யா!" என்று சொல்லுங்கள். சொல்வதோடு நில்லாமல், எழுதியும் காட்டுங்கள்!